சாண் அளவிலும் சுறா, பேருந்தை மிஞ்சும் சுறா: ஆழ்கடல் உயிரினத்தின் இரு எல்லைகள்

புது தில்லி: சுறா என்றதும் பெரிய உருவமும் கூரிய பற்களுமே நினைவுக்கு வரும். ஆனால், பள்ளி மாணவர்களின் 30 செ.மீ. அளவுகோலை விடவும் சிறிய சுறாக்கள் ஆழ்கடலில் வாழ்கின்றன.

மிகச் சிறியவை

உலகின் மிகச் சிறிய சுறாக்களில் ஒன்றாகக் கருதப்படுவது குள்ள விளக்குச் சுறா. கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளையொட்டிய கரீபியன் கடலில் சுமார் 280 முதல் 440 மீட்டர் ஆழத்தில் காணப்படும் இது, ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே வளரும். இதன் வயிற்றுப் பகுதியில் ஒளி உமிழும் உறுப்புகள் உள்ளன. மேலிருந்து வரும் மங்கிய ஒளியுடன் அவ்வொளி கலந்துவிடுவதால், கீழிருந்து பார்க்கும் எதிரிகளின் கண்ணில் இது எளிதில் படுவதில்லை.

இதற்கு இணையான சிறிய சுறா இந்தியக் கடலிலும் உண்டு. மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா பகுதிகளில் வாழும் குள்ள நாடாவால் சுறா, சுமார் 25 செ.மீ. நீளமே உடையது. இது ஒரு முறைக்கு ஓரிரு குட்டிகளை மட்டுமே ஈனும்.

மிகப் பெரியவை

உலகின் மிகப் பெரிய மீன், அம்மணி உழுவை என்றும் அழைக்கப்படும் திமிங்கலச் சுறா. சுமார் 18 மீட்டர் வரை வளரக்கூடிய இது, தில்லி சாலைகளில் ஓடும் 12 மீட்டர் நீள மாநகரப் பேருந்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுடையது. குள்ள விளக்குச் சுறாவுடன் ஒப்பிட்டால் 90 மடங்கு. பெரும்பாலும் மேற்பரப்பில் மிதவை உயிரிகளை வடிகட்டி உண்டாலும், 1,800 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இது மூழ்குவது பதிவாகியுள்ளது. 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன.

குளிர்ந்த ஆழ்கடலில் வாழும் கிரீன்லாந்து சுறா 6 மீட்டருக்கு மேல் வளரும். குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடியது என 2016-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1976-இல் ஹவாய்த் தீவருகே முதன்முறையாகப் பிடிபட்ட பெருவாய்ச் சுறா 4 மீட்டருக்கும் அதிக நீளமுடையது. அதுவரை இத்தகைய பெரிய மீன் ஒன்று இருப்பதையே அறிவியல் உலகம் அறிந்திருக்கவில்லை.

சட்டமும் பாதுகாப்பும்

திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் மத்திய அரசு 2001 மே மாதம் சேர்த்தது. அதே ஆண்டு ஜூலையில் அனைத்துச் சுறா, திருக்கை இனங்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. மீனவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, டிசம்பரில் அந்தத் தடை குறிப்பிட்ட சில இனங்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-இல் தடை வந்தது.

பெரிய சுறா வலையில் சிக்கினால் கரையில் அனைவரும் அறிவர். வனத்துறைக்கும் தகவல் செல்லும். சிறிய ஆழ்கடல் சுறாக்களின் நிலை வேறு. கொல்லம், தூத்துக்குடி பகுதிகளில் ஆழ்கடல் இறாலுக்காக இழுக்கப்படும் இழுவை வலைகளில் அவையும் சேர்ந்து சிக்குகின்றன. விலை இல்லாததால் கழிவு மீனோடு கழிவு மீனாக ஒதுக்கப்படுகின்றன.

ஒரு முறைக்கு ஓரிரு குட்டிகளையே ஈனும் இனம், தொடர்ந்து பிடிபட்டால் இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது. எனவே, பாதுகாப்புத் தேவையை உருவத்தின் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது.