நந்தன் கதையும் நம் ரீமேக்குகளும்

எங்கள் மாலை நேர வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் 'தடக் 2' பற்றிப் பேச்சு வந்தது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தின் இந்தி ரீமேக் அது. "என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வராதுக்கா" என்றான் சட்டம் படிக்கும் தம்பி ஒருவன். பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் இடறியது. ஒரிஜினல் மாதிரி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

இதைப் புரிந்துகொள்ள, தமிழில் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட ஒரு கதையைப் பார்ப்போம். நந்தன் கதை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் இதை விரிவாகச் சொன்னார். ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர் நந்தன். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டு அவருடையது. அந்தத் தொண்டுக்காக விடப்பட்ட நிலமே அவருக்குச் சோறு போட்டது. சேக்கிழார் அதைப் 'பறைத்துடவை' என்கிறார். இதைக் கவனியுங்கள் தோழர்களே. இந்த நந்தனுக்கு நிலம் உண்டு, ஆண்டை கிடையாது. ஆனால் தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் தீயில் இறங்க வேண்டும். தீயிலிருந்து பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் வாசல் திறக்கிறது. பறையராக அவர் கடைசிவரை உள்ளே போகவில்லை.

அடுத்து, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. இன்று நம் வீடுகளில் சொல்லப்படும் நந்தன் கதை பெரும்பாலும் இதுதான். பாரதி ஒரு புதிய பாத்திரத்தைக் கொண்டுவந்தார். வேதியர் என்ற பிராமண நில உடைமையாளர். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போக விடுப்புக் கேட்டால், நாற்பது வேலி நிலத்தில் விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. அந்த வேலை ஒரே இரவில் இறைவன் அருளால் முடிகிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இந்தக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார் என்று சொல்வார்கள். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரிய புராணத்தில் இல்லாததெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பது காரணமாம். அதாவது, 'ஒரிஜினல் மாதிரி இல்லை' என்ற புகார் அப்போதே இருந்திருக்கிறது! ஆனால் பாரதி சேர்த்த பொய்யில்தான் அவர் காலத்துத் தஞ்சையின் உண்மை இருந்தது. நிலமில்லாத பண்ணையடிமை, லீவு கேட்கக்கூட உரிமையில்லாத உழைப்பு, கோயிலுக்கும் வயலுக்கும் ஒரே ஆண்டை. மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததால் அந்த இடத்தில் கதை மூலத்தைத் தாண்டியது. கூலிக் கேள்வியை அற்புதத்தால் மூடிய இடத்தில் அது தோற்றது. வேதியர் மனம் மாறினார், நிலம் கை மாறவில்லை. தீயும் அப்படியே இருந்தது.

பிறகு சினிமா வந்தது. 1935இல் 'பக்த நந்தனார்'. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவருக்கு 1 லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அன்று நாடு முழுக்கப் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்'. எஸ்.எஸ். வாசன் தயாரிப்பு, முருகதாசா இயக்கம், நந்தனாக எம்.எம். தண்டபாணி தேசிகர். பாட்டுகள் இன்றும் கேட்கின்றன. பாடியவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. காந்தியின் ஹரிஜன இயக்கம் ஊர் ஊராகப் பேசப்பட்ட காலத்துப் படங்கள் இவை. உயர்சாதிக்காரரின் மனம் உருக வேண்டும், அதற்கு நந்தன் பணிவாகக் கண்ணீர் விட வேண்டும். இதுதான் அவற்றின் அரசியல்.

அதே 1942 ஜூலையில் நாக்பூரில் என்ன நடந்தது? பாபாசாகேப் அம்பேத்கர் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கினார். திரையில் நந்தன் ஆண்டையிடம் கெஞ்சிக்கொண்டிருந்த ஆண்டில், நம் மக்கள் ஒரு தேசிய அமைப்பாகத் திரண்டார்கள். அந்த நந்தனைக் காட்ட எந்தக் கேமராவும் வரவில்லை.

ஆனால் கேமரா இல்லாமலே நந்தனை மறுபடி படைத்தவர்கள் இருந்தார்கள். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். நந்தன் தீயில் இறங்கியதாகச் சொல்லும் ஊரில் நந்தனின் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்ற தன் ஆய்வு நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவருக்கும் காணிக்கையாக்கினார். பின்னாளில் இந்திரா பார்த்தசாரதி தன் 'நந்தன் கதை' நாடகத்தில் அந்தத் தீயை அற்புதமாகக் காட்டவில்லை, சதியாகக் காட்டினார். நந்தன் முக்தி அடையவில்லை, கொல்லப்பட்டார். இவை மூலத்துக்கு விசுவாசமாக இல்லை. நந்தனுக்கு விசுவாசமாக இருந்தன.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேவின் 'சாய்ராட்' வெளியானது. பாட்டீல் வீட்டுப் பெண்ணும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையனும். கடைசியில் இருவரும் கொல்லப்பட, குழந்தையின் ரத்தக் காலடித் தடங்களோடு சத்தமே இல்லாமல் படம் முடிகிறது. உடுமலை வீடியோவைப் பார்த்த நமக்கு அந்த மௌனம் புதிதல்ல.

2018இல் இந்தியில் 'தடக்'. கதை உதய்பூருக்குப் போனது. பாட்டுகளின் மெட்டுகூட அப்படியே போனது. போகாதது சாதி. அரச குடும்பத்துப் பெண், உணவகம் நடத்துபவரின் மகன் என்று அது வெறும் பணக்காரர் ஏழை காதலாகச் சுருங்கியது. முடிவில் காதலனும் குழந்தையும் கொல்லப்பட, பெண் மட்டும் உயிரோடு நின்று அலறுகிறாள். சொந்த மகளையும் கொல்லும் சாதியின் முகம் அங்கே மறைந்துவிட்டது. 'தடக்' தோற்றது மாற்றியதால் அல்ல. மாற்றலாம், ராஜஸ்தானில் சாதி இல்லையா என்ன? அந்த மண்ணின் சாதியைத் தேடிச் சேர்க்காமல், மராத்தி மண்ணின் சாதியை மட்டும் கழற்றிவிட்டுப் போனதுதான் தோல்வி.

'தடக் 2' நாயகனுக்கு அஹிர்வார் என்று பெயர் வைத்தது. கொண்டாடப் பெரிதாக ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் சாதியைச் சொல்லக் கூசிய ஒரு நிறுவனம், ஏழு ஆண்டு கழித்துச் சொன்னது. அந்த இடைவெளியில் நம் இயக்குநர்களும் நம் பார்வையாளர்களும் கொடுத்த அழுத்தம் அதில் இருக்கிறது. பரியனின் நீலம் அதில் எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு வெளுத்தது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். ரீமேக் மூலத்துக்கு ஈடாக முடியும், தாண்டவும் முடியும். தான் போய்ச் சேர்ந்த ஊரின் வேதியரைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை ஒரு ரீமேக் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். சாதியின் பெயர் இருக்கிறதா? நிலமும் கூலியும் யார் கையில்? கடைசியில் தீயில் இறங்குவது யார்?

மூன்றாவது கேள்விக்கு இன்னமும் நந்தன்தான் பதில் என்றால், எத்தனை கோடி போட்டு எடுத்தாலும் அது பழைய படமே.

ஜெய்பீம்!