ஹார்டுவேர் வாலட்: ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் முன் மீட்புச் சொற்களைச் சரிபாருங்கள்

பிட்காயின், எத்தீரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களைப் பரிமாற்றத் தளத்திலேயே விட்டுவைக்காமல், லெட்ஜர், டிரெசர் போன்ற சிறு கருவிகளில் பாதுகாப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பென்டிரைவ் அளவுள்ள இந்தக் கருவிக்கு ஹார்டுவேர் வாலட் என்று பெயர். ஒருமுறை வாங்கி அலமாரியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மறுபடியும் கணினியில் செருகும் நாளில் பெரும்பாலும் முதலில் வருவது, "புதிய ஃபர்ம்வேர் வந்துள்ளது" என்ற அறிவிப்புதான். அதை அழுத்தலாமா, அழுத்தினால் காசு அழிந்துவிடுமா என்ற பயம் அப்போது வரும்.

அழுத்தலாம். ஃபர்ம்வேர் என்பது கருவியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள். அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத் தயாரிப்பாளர்கள் அவ்வப்போது புதிய பதிப்பை வெளியிடுகிறார்கள். முறையாகச் செய்தால் புதுப்பித்தலால் நாணயம் தொலைவதில்லை. மீட்புச் சொற்கள் கையில் இல்லாமல் போவதாலும், போலிப் புதுப்பித்தலை நம்பி அந்தச் சொற்களைப் பிறரிடம் கொடுப்பதாலும்தான் தொலைகிறது.

கருவிக்குள் நாணயம் இல்லை

பலருக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாணயம் இருப்பது பிளாக்செயின் எனப்படும் பொதுப் பதிவேட்டில். கருவிக்குள் இருப்பது அதை நகர்த்துவதற்கான சாவி மட்டுமே. முதன்முறை கருவியைத் திறந்தபோது திரையில் வந்த 12, 20 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதியிருப்பீர்களே, அவைதான் அந்தச் சாவியை வார்க்கும் அச்சு. கருவி உடைந்தாலும் புதுக் கருவியில் அதே சொற்களை அதே வரிசையில் இட்டால் எல்லாம் திரும்பிவிடும். கருவி பத்திரமாக இருந்து தாள் தொலைந்திருந்தால், உங்கள் சேமிப்பு ஒற்றைச் சாவியை நம்பி நிற்கிறது என்று பொருள்.

புதுப்பிக்கும்போது சாவி பொதுவாக அழிவதில்லை. ஆனால் மிகப் பழைய ஃபர்ம்வேரிலிருந்து ஒரே தாவலில் புதியதற்குப் போகும்போதும், பாதியில் ஏதாவது தடைபடும்போதும் கருவி வெறுமையாகிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் வேலை, தாளைத் தேடி எடுப்பது. எடுத்தால் மட்டும் போதாது, அதில் உள்ளது சரிதானா என்றும் பார்க்க வேண்டும். அவசரத்தில் எழுதிய ஒரு சொல் பிழையாக இருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம். இதற்காகவே லெட்ஜரில் 'ரிக்கவரி செக்' என்ற செயலி இருக்கிறது. டிரெசரிலும் காப்புச் சொற்களைச் சரிபார்க்கும் வசதி உண்டு. சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டால், பொருந்துகிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். பழைய டிரெசர் ஒன் மட்டும் கொஞ்சம் வேறு. அதன் சாதாரண முறையில் சொற்களைக் கலைத்த வரிசையில் கணினியில் தட்டச்ச வேண்டியிருக்கும். அதே கருவியில், எழுத்துகளின் இடத்தைக் கருவித் திரையில் மட்டும் காட்டும் மேம்பட்ட முறையும் உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

'பாஸ்ஃபிரேஸ்' என்று கூடுதலாக ஒரு சொல் வைத்திருப்பவர்கள் அதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதில் ஓரெழுத்து மாறினாலும் கருவி பிழை என்று சொல்லாது. வெறுமையான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும்.

சொற்கள் சரியாக இல்லை என்று தெரிந்தால் புதுப்பிக்க வேண்டாம். கருவி வேலை செய்யும்போதே நாணயங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, புதிய சொற்களுடன் தொடங்குங்கள்.

புதுப்பிக்கும் நாளில்

தயாரிப்பாளரின் செயலியைத் திறந்து, அதன் வழியாக மட்டுமே புதுப்பியுங்கள். அந்தச் செயலியை இறக்க, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போங்கள். கூகளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். செயலி விற்கும் இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் செயலிக் கடையிலேயே போலி லெட்ஜர் செயலி ஒன்று இருந்தது. அது சுமார் 16.8 பிட்காயினைச் சுருட்டியதாக அப்போது கணக்கிடப்பட்டது.

சொந்தக் கணினியைப் பயன்படுத்துங்கள். சைபர் கஃபே கணினியோ அலுவலகக் கணினியோ வேண்டாம். கருவியோடு வந்த கேபிள் இருந்தால் அதுவே நல்லது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்களில் தரவு போகாது, கருவி கெட்டுவிட்டதோ என்று வீணாகப் பதறுவோம். மடிக்கணினியில் சார்ஜ் போதுமான அளவு இருக்கட்டும். இடி மின்னலோடு மழை பெய்யும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

புதுப்பித்தலின்போது கணினித் திரையைவிடக் கருவியின் சிறு திரையைத்தான் நம்ப வேண்டும். பதிப்பு எண் அங்கே தெரியும், ஒப்புதலையும் அங்கேதான் அழுத்துவீர்கள். புதிய ஃபர்ம்வேரில் தயாரிப்பாளரின் இலக்கக் கையொப்பம் இருக்கிறதா என்று கருவியே சோதிக்கும். டிரெசரில் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் ஏறினால் திரையில் எச்சரிக்கை வரும். அப்படி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

இந்தக் கையொப்பம் ஏன் முக்கியம் என்பதற்கு 2023 மே மாதச் சர்ச்சை ஓர் உதாரணம். விரும்புவோர் சாவியைத் துண்டுகளாக்கி, மறையாக்கம் செய்து, 3 நிறுவனங்களிடம் காப்பாக வைக்கலாம் என்று லெட்ஜர் அறிவித்தபோது பயனர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். சாவி கருவியைவிட்டு வெளியேறவே முடியாது என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். ஃபர்ம்வேரை எழுதுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது அன்று பலருக்குப் புரிந்தது.

பாதியில் கேபிள் கழன்றுவிட்டால் கருவி பெரும்பாலும் புதுப்பித்தல் நிலையிலேயே நிற்கும். மறுபடி இணைத்துத் தொடரலாம். லெட்ஜரில் புதுப்பித்த பிறகு பிட்காயின், எத்தீரியம் செயலிகள் காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம். அவற்றை மீண்டும் நிறுவினால் இருப்பு பழையபடி தெரியும். 2022இல் விற்பனை நிறுத்தப்பட்ட நானோ எஸ் கருவியில் இடம் குறைவு. செயலிகளை முதலில் நீக்கினால்தான் புதிய ஃபர்ம்வேருக்கு இடம் கிடைக்கும். செயலியை நீக்குவதால் நாணயம் போகாது.

அறிவிப்பு வந்த அன்றே ஓட வேண்டியதில்லை. அவசரப் பாதுகாப்புத் திருத்தம் என்று தயாரிப்பாளர் சொன்னாலொழிய, சில நாள் பொறுத்து மற்றவர்களுக்குச் சிக்கல் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யலாம். பெரிய தொகையை அனுப்ப வேண்டிய நாளில் மட்டும் வேண்டாம்.

"உடனே புதுப்பியுங்கள்" என்று யாராவது சொன்னால்

2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் திருடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சுமார் 272,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணையத்தில் கொட்டப்பட்டன. 2021இல் சிலர் வீட்டுக்குப் பெட்டியோடு போலிக் கருவியே அஞ்சலில் வந்தது. பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறுங்கள் என்று அதோடு ஒரு கடிதம். 2025இல் கியூஆர் குறியீடு அச்சிட்ட கடிதங்கள் வந்தன. டிரெசர் பயனர்களுக்கும் 2022 ஏப்ரலில் போலிச் செயலியை இறக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் போயின.

கடிதமாக இருந்தாலும் வாட்ஸ்அப், டெலிகிராம் செய்தியாக இருந்தாலும் அவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: மீட்புச் சொற்கள். ஃபர்ம்வேர் புதுப்பித்தலுக்கு அந்தச் சொற்களை இணையத்தளத்திலோ படிவத்திலோ நிரப்ப வேண்டிய அவசியம் கிடையாது. கேட்பவர் நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்று சொல்லி, நல்ல தமிழில் 'அண்ணே' என்று அன்பாகப் பேசினாலும் கொடுக்காதீர்கள். சொற்களைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைப்பதும் வேண்டாம். இணைய அங்காடியில் வாங்கிய கருவியோடு சொற்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்ட தாள் வந்தால், அந்தச் சொற்கள் விற்றவரிடமும் இருக்கும்.

மலேசியாவில் பதிவுபெற்ற கிரிப்டோ பரிமாற்றத் தளங்களைப் பங்கு ஆணையம் கண்காணிக்கிறது. ஆனால் உங்கள் சொந்த வாலட்டிலிருந்து போன நாணயத்தைத் திருப்பித் தர எந்த வங்கியாலும் இயலாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணை அழையுங்கள். நாணயம் போயிருந்தாலும் போலீசில் புகார் செய்யுங்கள். அது பதிவுபெற்ற தளம் ஒன்றுக்குப் போயிருப்பது தெரிந்தால் அந்தத் தளத்துக்கும் தெரிவியுங்கள்.

சொற்களைத் தவறான இடத்தில் தட்டச்சு செய்துவிட்டு, நாணயம் இன்னும் போகவில்லை என்றால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்களாக இருக்கலாம். பின் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. கருவியை அழித்துப் பழைய சொற்களையே மறுபடி இடுவதாலும் பயனில்லை. கையில் இன்னொரு கருவி இருந்தால் அதில் புதிய சொற்களை உருவாக்கி, அந்த முகவரிக்கு அனைத்தையும் அனுப்புங்கள். இல்லையென்றால் பதிவுபெற்ற தளத்தில் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத் தற்காலிகமாக அனுப்பி வைக்கலாம்.