பம்பாயில் 1918ஆம் ஆண்டு இன்புளூயன்சாவும் உடலின் இயற்கை எதிர்ப்பாற்றலும்

முன்னுரை

கொள்ளைநோய் பரவுங்காலங்களில் உடலின் எதிர்ப்பாற்றலை இயற்கை வழியில் பெருக்கிக்கொள்வது பற்றிய பேச்சு மக்களிடையே எழுவது இயல்பு. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது தமிழகத்தில் கபசுரக் குடிநீர் பரவலாக வழங்கப்பட்டமை இதற்குச் சான்று. அளவான உணவு, உறக்கம், தூய காற்று, ஓய்வு ஆகியனவும் இவ்வழிகளுள் அடங்கும். இவற்றைத் தனிமனித ஒழுக்கமாகக் காண்பதே பெருவழக்கு. இவை அனைவர்க்கும் ஒப்பக் கிடைப்பனவா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவிற்கு 1918ஆம் ஆண்டுப் பம்பாய் நகரத்து இறப்புக் கணக்கு தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நோயின் வருகை

1918 ஜூன் 10ஆம் நாள் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் பணியாற்றிய காவலர் எழுவர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் அலை விரைவில் தணிந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ மிகக் கொடியது. அக்டோபர் 6ஆம் நாள் மட்டும் அந்நகரில் 768 பேர் இறந்தனர். இந்தியா முழுமைக்குமான இறப்பு, மதிப்பீட்டாளர்க்கு ஏற்ப, ஏறத்தாழ 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை கணிக்கப்படுகிறது.

இந்நோய்க்குக் காரணமான வைரசு மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933இல்தான். எனவே, 1918இல் பயன்தரும் தடுப்பூசியும் இல்லை; நிமோனியாவைத் தீர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் இல்லை. மருத்துவர் பலர் போர்ப்பணிக்குச் சென்றிருந்தனர். ஆகவே, நோயுற்றார்க்கு எஞ்சியிருந்த துணை உடலின் இயல்பான ஆற்றலும் உற்றாரின் பேணுதலுமே. இயற்கை எதிர்ப்பாற்றல் எவரிடம் எவ்வளவு இருந்தது என்பதை அறிய இதனினும் தெளிவான களம் அரிது எனலாம்.

இறப்பின் ஏற்றத்தாழ்வு

அந்நகரின் இறப்பு விகிதம் சமூகவாரியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஆயிரவருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சியர் 9.0, இந்தியக் கிறித்தவர் 18.4, பிற சாதி இந்துக்கள் 18.9, முசுலிம்கள் 19.2 என இறந்தனர். அக்காலப் பதிவுகள் ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ எனக் குறித்த ஒடுக்கப்பட்டோரிடையே இவ்விகிதம் 61.6 ஆகும். இது ஐரோப்பியர் விகிதத்தினும் ஏழு மடங்குக்கு மேற்பட்டது. பிற சாதி இந்துக்களின் விகிதத்தினும் மும்மடங்குக்கு மேற்பட்டது.

நோய்க்கிருமி சாதி அறியாது. வேறுபாடு வாழ்நிலையில் இருந்தது. ‘சால்’ எனப்பட்ட நெருக்கமான குடியிருப்புகளில் ஓர் அறையிலேயே ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கியது. நோயுற்றாரைத் தனியே கிடத்த இடமில்லை; நல்ல காற்று புக வழியில்லை. அன்றாடக் கூலியை நம்பியவர்க்கு ஓய்வு என்பது பட்டினியாகவே முடிந்தது.

மழையும் உணவும்

அவ்வாண்டுத் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்தது. போர்க்கால விலையேற்றத்தால் முன்னரே நலிந்திருந்த மக்களை உணவுத் தட்டுப்பாடு மேலும் வாட்டியது. வறட்சி மிகுந்த பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் பேரிழப்புற்றன. வங்காளம், சென்னை மாகாணங்களில் இழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. எனினும் இவ்வேறுபாட்டிற்கு உணவுக்குறை ஒன்றையே காரணமாக்கல் பொருந்தாது. தட்பவெப்பமும், நோய் பரவப் பரவ அதன் கடுமை தணிந்தமையும் ஆய்வாளரால் சுட்டப்படுகின்றன.

உலகின் பல நாடுகளைப் போலன்றி, இந்தியாவில் ஆண்களினும் பெண்கள் மிகுதியாக இறந்தனர். எல்லார்க்கும் பின் உண்ணும் வழக்கமும், தாம் நோயுற்ற நிலையிலும் பிறரைப் பேணும் கடமையும் இதற்குரிய காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஒரே வீட்டிற்குள்ளும் எதிர்ப்பாற்றல் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது இதனால் புலனாகிறது.

‘வலிமை’ என்பதன் வரம்பு

இந்நோயால் இறந்தோருள் இருபது முதல் நாற்பது வயது வரையிலான இளையோர் மிகுதி. உடலின் எதிர்ப்பு வினையே அளவுமீறிக் கேடு விளைத்திருக்கக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆதலின், எதிர்ப்பாற்றலைப் பெருக்குவதே நலம் என்னும் எளிய முடிபு ஏற்கத்தக்கதன்று. வேண்டுவது மிகுதியன்று, சமநிலையே.

வளி முதலிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் செய்யும் என்னும் கருத்துடன் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தொடங்குவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அடுத்து வரும் ஆறு குறட்பாக்களும் பசியறிந்தும் அளவறிந்தும் உண்பதைப் பேசுகின்றன. இவ்வறிவுரை உணவு உடையார்க்கே பொருந்தும். உணவு இல்லார் நிலையை ‘நல்குரவு’ அதிகாரமும், மழை பொய்த்த நிலத்தின் நிலையை ‘வான்சிறப்பு’ அதிகாரமும் காட்டுகின்றன. இம்மூன்று அதிகாரங்களையும் இணைத்து நோக்கும்போதே 1918இன் துயர் முழுமையாக விளங்கும்.

முடிவுரை

சத்துள்ள உணவு, போதிய உறக்கம், காற்றோட்டம், நோயுற்றபோது ஓய்வு ஆகியன இன்றும் உடலைக் காப்பனவே; இன்று தடுப்பூசி அவற்றோடு சேர்ந்து துணைநிற்கிறது. ஆயின் பம்பாய்க் கணக்கு உணர்த்தும் உண்மை வேறொன்று. இயற்கை எதிர்ப்பாற்றல் எனப்படுவது இயற்கை மட்டும் அளிப்பதன்று. கூலி, குடியிருப்பு, சாதி, பாலினம் ஆகியவற்றின் வழியே அது பெறப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. மருத்துவ வரலாற்றை எழுதப் புகும் தமிழாய்வாளர், சுவடிகள் கூறும் மருந்துகளோடு அம்மருந்தை உண்டவரின் அடுப்பையும் கூரையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.