ஹெல்சின்கி - டோக்கியோ: ஒன்பது மணிநேரப் பயணம் பதின்மூன்று மணிநேரமானது எப்படி?

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கும் ஜப்பானியத் தலைநகர் டோக்கியோவுக்கும் இடையேயான மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் இதனை ஒன்பது, ஒன்பதரை மணிநேரத்தில் கடந்துவிடும். 2022 பிப்ரவரி வரை நடைமுறையும் அதுவாகவே இருந்தது. அதன் பின்னர் இதே பயணத்துக்கு சுமார் 13 மணிநேரம் தேவைப்படுகிறது.

தட்டையான உலகப்படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், வழி கசக்ஸ்தான், மங்கோலியா ஆகியவற்றின் ஊடாகச் செல்வதாகத் தோன்றும். ஆனால் பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், அது வடக்கே வளைந்து, ரஷ்யாவின் சைபீரியாவுக்கு மேலாகவே பெரும்பகுதி செல்வதைக் காணலாம். உண்மையில் குறுகிய வழி அதுதான்.

ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் ஹெல்சின்கி அமைந்திருப்பது ஃபின்ஏர் நிறுவனத்துக்குக் கிடைத்த பெரும் அனுகூலமாக இருந்தது. பிற ஐரோப்பிய நகரங்களின் பயணிகளை அங்கே விமானம் மாற்றிக் கிழக்காசியாவுக்கு அழைத்துச் செல்வதையே அது தனது முக்கிய வர்த்தகமாகக் கொண்டிருந்தது. யுக்ரெய்ன் மீதான படையெடுப்பை அடுத்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை விதித்தது. பதிலடியாக, 2022 பிப்ரவரி 28 அன்று 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா தனது வான்பரப்பை மூடியது.

இப்போது இரண்டு மாற்று வழிகள் உள்ளன. ஒன்று, தெற்கே இறங்கி மத்திய ஆசியா, சீனா வழியாகச் செல்வது. மற்றது, வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டிப் பசிபிக் கடலில் இறங்குவது. காற்றின் போக்கைப் பொறுத்தே வழி தீர்மானிக்கப்படுகிறது. துருவ வழியில் தூரம் 11,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அங்கே காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. அவசரமாகத் தரையிறங்க விமானநிலையங்களும் மிகக் குறைவு. விமான எரிபொருள் உறையும் நிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் என்பதால், அதன் வெப்பநிலையையும் விமானிகள் கவனித்தபடியே இருக்க வேண்டும்.

துருவ வழி புதியதன்று. சோவியத் வான்பரப்பைத் தவிர்ப்பதற்காக, 1983ஆம் ஆண்டிலேயே ஃபின்ஏரின் டிசி-10 விமானங்கள் வடதுருவத்துக்கு மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறந்தன. அக்காலத்தில் வேறு பல நிறுவனங்களின் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கிச் சென்றன.

பயணிகளைப் பொறுத்தவரை இழப்பு நான்கு மணிநேரம்தான் என்று கருதலாம். ஆனால் நிறுவனத்தின் கணக்கு வேறு. முன்பு ஒரே விமானம் டோக்கியோ சென்று 24 மணிநேரத்துக்குள் திரும்பிவிட முடிந்தது. இப்போது பறக்கும் நேரம் மட்டுமே 26 மணிநேரமாகிறது. ஆகவே நாளொன்றுக்கு ஒரு சேவை என்ற அதே கால அட்டவணைக்கு இரண்டாவது விமானமும், கூடுதல் விமானிகளும் தேவை. எரிபொருள் செலவு தனி.

சீன நிறுவனங்களுக்கு இத்தடை இல்லை. 2022க்குப் பின்னரும் அவற்றின் ஐரோப்பிய விமானங்கள் சைபீரியாவுக்கு மேலாகவே பறந்து வருகின்றன.