காற்றுக்குக் கடிவாளம்

காற்று ஒரே சீராக வீசுவதில்லை. ஆனால் அதை நம்பி ஓடும் ஜெனரேட்டருக்குச் சீரான வேகம் வேண்டும். இந்த இழுபறிக்குத் தீர்வு தேடிய கதையில் டென்மார்க்குக்குத் தனி இடம் உண்டு.

1891இல் அஸ்கோவ் என்ற ஊரில் பவுல் லா கூர் என்ற ஆசிரியர் காற்றாலையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார். டைனமோவின் ஓட்டத்தைச் சீராக்க அவர் அமைத்தது பெல்ட்டும் எடைக்கட்டியும் கொண்ட ஏற்பாடு. இழுவிசை அளவு மீறினால் பெல்ட் வழுக்கிவிடும்.

அவரிடம் பயின்ற யோஹான்னஸ் யூல், 1957இல் கெட்சர் கடற்கரையில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், 24 மீட்டர் விட்டம். இறக்கைகளைத் திருப்பும் பொறி எதுவும் இல்லை. அவை அசையாமல் பொருத்தப்பட்டவை. காற்று மிஞ்சினால் இறக்கையை ஒட்டி ஓடும் காற்றோட்டம் பிரிந்து, உந்துவிசை தானே குறைந்துவிடும். ஜெனரேட்டரோ மின்கட்டமைப்போடு இணைந்த அசின்க்ரனஸ் வகை. கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸே அதன் வேகத்தைப் பிடித்து நிறுத்தியது.

மின்கட்டமைப்பு அறுந்தால்? பிடி விட்டுப்போன சுழலி தறிகெட்டு ஓடும். அதற்காக இறக்கை நுனிகளில் பிரேக் வைத்தார் யூல். வேகம் எல்லை தாண்டினால் நுனிகள் குறுக்கே திரும்பிக் காற்றை மறிக்கும்.

எண்பதுகளில் டென்மார்க் நிறுவனங்கள் பெருவாரியாகச் செய்தவை இதே பாணி இயந்திரங்கள்தான். பின்னர் இறக்கையைத் திருப்பும் முறையும், காற்றுக்கேற்ப ஜெனரேட்டரின் வேகத்தையே மாறவிட்டு, பவர் எலக்ட்ரானிக்ஸ் கொண்டு மின்சாரத்தை 50 ஹெர்ட்ஸுக்குச் சீராக்கும் முறையும் பரவின. இன்றைய பெரிய காற்றாலைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வழியில்தான் ஓடுகின்றன.