பெலிஸ்தரும் பிலிஸ்டைனும்

நம் விமர்சன எழுத்தில் ‘பிலிஸ்டைன்’ என்ற வார்த்தை சரளமாகப் புழங்கி வந்திருக்கிறது. கலை எதிலும் அக்கறையில்லாதவன், காசும் சௌகரியமும் போதும் என்றிருப்பவன் – இவனை ஒதுக்கிவிட அந்த ஒரு வார்த்தை போதும். ‘ரசனையற்றவன்’ என்றால் காரம் போதவில்லை போலும். ஆனால் இதே வார்த்தை ‘பெலிஸ்தர்’ என்ற உருவில் தமிழ் பைபிளில் நெடுங்காலமாக இருக்கிறது. சிம்சோனின் கண்களைப் பிடுங்கியவர்கள். கோலியாத்தைத் தாவீதின் முன் நிறுத்தியவர்கள். இந்த ஜனங்களுக்கும் நம் வசைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்பது, வார்த்தையை வீசுகிற நமக்கு உபயோகமாக இருக்கும்.

பெலிஸ்தர் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என்ற ஐந்து நகரங்களில் வாழ்ந்தவர்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தைத் தாக்கிய கடல் வழிக் கூட்டங்களில் ஒன்றாக இவர்களை மூன்றாம் ராம்சேஸ் மெடினெட் ஹபு கோயில் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறான். பைபிளில் இவர்கள் விருத்தசேதனமில்லாத அந்நியர்கள், எதிரிகள். கலையுணர்வு இல்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே இல்லை. மண்ணைத் தோண்டினால் கிடைப்பதோ நேர்மாறானது. இரு வண்ணங்களில் தீட்டிய பானைகள். அவற்றின் மேல் தலையைப் பின்னால் திருப்பி நிற்கும் பறவை. அதே காலத்து மலைப்பகுதி இஸ்ரவேலரின் பானைகள் பெரும்பாலும் வெறும் பானைகள். எக்ரோனில் 1981இல் தொடங்கிய அகழ்வில் 100க்கும் மேற்பட்ட ஒலிவ எண்ணெய்ச் செக்குகள் வெளிப்பட்டன. 1996இல், அந்நகரத்து அரசன் ஒரு கோயில் கட்டியதைச் சொல்லும் ஐந்து வரிக் கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 604இல் நேபுகாத்நேச்சாரின் படை அஸ்கலோனை அழித்தது. அவர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. எதிரியின் புத்தகம் நின்றது. எதிரி சொன்னதே அவர்கள் சரித்திரம் ஆயிற்று.

வசை பிறந்தது ஜெர்மனியில். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேனா நகரத்தில் ஊராருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நடந்த கைகலப்பில் ஒரு மாணவன் இறந்தானாம். இறுதிச் சடங்கில் போதகர், பெலிஸ்தர் வந்துவிட்டார்கள் என்று சிம்சோனை எச்சரிக்கும் வாசகத்தை எடுத்துப் பேசினாராம். இது வழக்கில் இருந்துவரும் கதை. மாணவர் பேச்சில் ‘பிலிஸ்டர்’ என்றால் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரன் என்று ஆனது மட்டும் நிச்சயம். கடைக்காரன், வீட்டுக்காரன், கடனைத் திருப்பிக் கேட்பவன் எல்லோரும் பிலிஸ்டர். ஆக, முதலில் இது ரசனை பற்றிய தீர்ப்பே அல்ல. நம்மவன் அல்லாதவன் என்பதே பொருள்.

ரொமான்டிக் எழுத்தாளர்கள் இதற்குக் கலைப்பூச்சுக் கொடுத்தார்கள். பூச்சுக்கு அடியில் பழைய பொருள் அப்படியே இருந்தது. 1811இல் பெர்லினில் ஆர்னிம் முதலியோர் ஒரு விருந்துக் கழகம் அமைத்தனர். அதில் பெண்களுக்கு இடமில்லை, யூதர்களுக்கு இடமில்லை, பிலிஸ்டர்களுக்கு இடமில்லை. பிரெண்டானோ அங்கே பிலிஸ்டர்களைக் கிண்டல் செய்து ஒரு நீண்ட கட்டுரை வாசித்தார். வியாபாரி மகன் அவர். ரசனையில்லாதவனும் யூதனும் ஒரே பட்டியலில் வருவதை அந்த மேஜையில் இருந்த யாரும் விபரீதமாக எண்ணியதாகத் தெரியவில்லை. ஷூமானிடம் இதே வார்த்தை உற்சாகமாக ஒலிக்கிறது: 1834–35இல் அவர் இயற்றிய ‘கார்னவால்’ பிலிஸ்டர்களுக்கு எதிராகத் தாவீதின் கூட்டத்தார் நடத்தும் அணிவகுப்போடு முடிகிறது. தாவீதின் கட்சி எப்போதும் நம் கட்சிதான்.

ஆங்கிலத்தில் இதை நிலைநாட்டியவர் மாத்யூ ஆர்னால்ட். 1863இல் ஹைனேயைப் பற்றி எழுதும்போது, இங்கிலாந்தில் இந்தச் சரக்கு ஏராளமாக இருப்பதால்தான் அதற்கு வார்த்தை இல்லை போலும் என்றார். 1869இல் வெளிவந்த ‘கல்ச்சர் அண்ட் அனார்க்கி’யில் பிரபுக்களைக் காட்டுமிராண்டிகள் என்றும், நடுத்தர வர்க்கத்தைப் பிலிஸ்டைன்கள் என்றும் பெயரிட்டார். 35 வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக அலைந்தவர். அந்த வர்க்கத்தை வெகு அருகில் அறிந்தவர். கவனிக்க வேண்டியது, தானும் பிறப்பால் ஒரு பிலிஸ்டைனே என்று அந்தப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டது. இந்த ஒப்புதல் இல்லாமல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் அவருக்குப் பின் அதிகம்.

வார்த்தையைத் தலைகீழாக்கியவர் நீட்சே. 1871இல் பிரான்சை வென்றபின், ஜெர்மானியக் கலாசாரமே ஜெயித்தது என்று அங்கே பேச்சு எழுந்தது. 1873இல் டேவிட் ஸ்ட்ராவுஸைத் தாக்கி எழுதுகையில் ‘கலாசாரப் பிலிஸ்டர்’ என்ற பிரயோகத்தை நீட்சே கையாள்கிறார். இவன் படிக்காதவன் அல்ல. படிக்கிறான், சங்கீதம் கேட்கிறான், மேதைகளுக்குச் சிலை வைக்கிறான். ஆனால் அந்த மேதைகள் தேடியவர்கள் என்பதை மறந்து, கண்டடைந்தவர்களாக அவர்களைக் கொண்டாடுகிறான். தேட வேண்டியதெல்லாம் தேடியாகிவிட்டது. இனித் தேடுகிறவன் அவனுக்குத் தொந்தரவு. மிக முக்கியமாக, தான்தான் பிலிஸ்டருக்கு எதிரி என்று அவன் மனப்பூர்வமாக நம்புகிறான்.

கலை பற்றிக் கவலையில்லாமல் எண்ணெய்க் கடையில் உட்கார்ந்திருப்பவனால் ஒரு நல்ல கவிதைக்குக் கெடுதல் வருவதில்லை. அவன் அதைப் படிக்கவே போவதில்லை. கெடுதல் படிப்பவனிடமிருந்து வருகிறது. பத்துப் பெயர்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பதினோராவது பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவன், நீட்சே சொன்ன ஆள். அவன் சந்தைக்காரனல்ல, பத்திரிகைக்குத் தவறாமல் சந்தா கட்டுகிறவன், சில சமயம் அதை நடத்துகிறவன்.

வார்த்தையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதன் சரித்திரத்தில் அது குறி தவறாமல் பட்டது இரண்டு இடங்களில்: ஆர்னால்ட் அதைத் தன்மேல் போட்டுப் பார்த்தபோதும், நீட்சே அதைப் படித்தவர்கள்மேல் திருப்பியபோதும். மற்ற நேரங்களில் அது, ஜேனாவின் தெருவில் இருந்ததைப் போலவே, நம்மவன் அல்லாதவன் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.