உள்ளங்கை பார்க்கும் சோதனை

கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் கைப்பிடி வைத்த சின்ன ரோலர் ஒன்று நிற்கிறது. பெயர் ‘லிட்டில் ஜயன்ட்’. நீராவியும் மின்சாரமும் இல்லாமல், ஆள் பிடித்துச் சுற்றிக் கொழுந்தை உருட்டிய சாமான். கண்டிக்குக் கிழக்கே ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மலைகளில் ஸ்டோருக்கு ஸ்டோர் (ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை) சுழன்ற பெரிய ரோலர்களுக்கு இது பாட்டன் முறை. இந்தப் பாட்டனுக்கும் மூத்தது கூலியாளின் கை.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லருக்குப் பங்களா விறாந்தைதான் முதல் தொழிற்சாலை. வாடிய கொழுந்தை மேசையில் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை முழுக்கையையும் அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டிக் காய வைத்தார்கள். 1872இல் டெய்லர் தாமே ஓர் உருட்டும் இயந்திரம் செய்துகொண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இதே வேலைக்கு இயந்திரம் கண்டுபிடிக்க, இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் நிறுவனம் அதை வார்த்து விற்றது.

கண்டியிலும் பட்டறை இருந்தது. ஜோன் வோக்கர் 1854இல் தொடங்கிய அந்தப் பட்டறை கோப்பிக் காலத்தில் பிறந்தது. 1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகு, தேயிலை இயந்திரங்களுக்குத் திரும்பியது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது; பாரமான சாமான் அதுவரை சுகமாக வரும். அதற்குக் கிழக்கே ரயில் இல்லை. தும்பறைப் பள்ளத்தாக்கைக் கடந்து, தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரியவுக்கு ஏற வேண்டும். அந்தப் பழைய தெல்தெனிய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது.

இப்படிக் குலுங்கிக் குலுங்கி மலையேறும் இரும்பு, பட்டறையிலிருந்து கிளம்பியபடியேதான் வந்து சேர்ந்தது என்று, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எந்த டீமேக்கரும் நம்பமாட்டார். சரக்குச் சீட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். பூட்டி ஓட்டிப் பார்த்தால்தான் அதன் சுபாவம் தெரியும்.

ரோலரின் வடிவம் எளிது. கீழே வட்ட மேசை, மேலே அடியில்லாத பெரிய அண்டா போல ஓர் உருளை. மூன்று கிராங்குகள் பிடித்திருக்க, அந்த உருளை மேசைமேல் வட்டமடிக்கும். நிமிடத்துக்கு 40, 45 சுற்று. மேலிருந்து ஒரு மூடி திருகாணியில் இறங்கிக் கொழுந்தை அழுத்தும்.

முதல் சோதனை ரசமட்டம். மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கொழுந்தும் அந்தப் பக்கமே குவியும். பாதி முறுகும், பாதி சும்மா சுற்றி வரும். அடுத்தது, உருளையின் கீழ் விளிம்புக்கும் மேசைக்கும் இடையே உள்ள சந்து. சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அகன்றால் இலை வழியும். குறுகினால் உலோகம் உலோகத்தைச் சுரண்டும், சீவல் தேயிலையில் விழும். மூன்று கிராங்குகளில் ஒன்று மயிரிழை பிசகினாலும் இந்தச் சந்து ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வெறுமனே ஓட்டி, காது கொடுத்துக் கேட்பார்கள். சத்தம் ஒரே சீராக வந்தால்தான் கொழுந்து உள்ளே போகும்.

எல்லாவற்றையும்விட நுணுக்கமானவை மேசைமேல் வளைத்துப் பதித்த பித்தளைப் பட்டைகள். கொழுந்தைப் புரட்டி முறுக்குபவை இவைதாம். தேய்ந்தால் இலை முறுகாமல் தேய்படும். புதுப்பட்டையின் விளிம்பு கூராக இருந்தால் இலை நறுக்குப்படும், தூள் செதில் செதிலாக வரும். தேய்ந்ததைக் கழற்றி வெளிப்பட்டறையில் புதிது வாங்குவது ஓயாத செலவு. வாங்கும்போது கையில் ஒரு காந்தம் இருந்தால் நல்லது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. இரும்பு என்ன செய்யும் என்று அறிய, தேயிலைச் சாயத் தண்ணீரில் ஒரு துரு ஆணியைப் போட்டு வைத்துப் பாருங்கள், மை போலக் கறுக்கும். அதுவே மேசையில் நடந்தால் தேநீரின் செம்மை போய்ச் சாம்பல் தட்டும்.

சூடும் ஒரு சாட்சி. அழுத்தம் மிஞ்சினாலோ உராய்வு கூடினாலோ உள்ளே கொழுந்து கொதிக்கும். 35 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டால் மணம் போயிற்று. அதனால்தான் சில நிமிடம் அழுத்தி, சில நிமிடம் மூடியைத் தூக்கி மூச்சுவிடச் செய்கிறார்கள்.

இத்தனைக்கும் தப்பிய குறை எங்கே பிடிபடும்? கொழும்பில். 1883இலிருந்து அங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. அங்குள்ள தரகர் ரோலரைப் பார்த்ததே இல்லை. ஒரு கரண்டி உறிஞ்சி, சாயம் மங்கல், இலை செதில் என்று குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பு மலைக்கு வந்து சேர்வதற்குள், குறையுள்ள மேசையில் இன்னும் எத்தனையோ கூடை கொழுந்து உருண்டிருக்கும். விலை இறங்கினால் கணக்கில் விழுவது அந்த நாளின் முழு உழைப்பு. அதில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று மழையில் கொழுந்து பறித்த பெண்ணின் பங்கும் உண்டு. அவள் கொழுந்தில் குறையில்லை, பட்டையில் இருந்தது.

ஆகவே தேர்ந்த டீமேக்கர் தரகரின் குறிப்புக்குக் காத்திருப்பதில்லை. ரோலருக்குள் போகுமுன் வாடிய கொழுந்தில் ஒரு பிடி அள்ளி இறுக்குகிறார். விரலை விரித்தால் உருண்டை மெல்ல அவிழ வேண்டும். உருட்டி இறங்கிய தூளில் மறுபடி ஒரு பிடி. முறுக்கு நிற்கிறதா, சாறு கையில் பிசுபிசுக்கிறதா, சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். புதிதாக வாங்கிய பட்டைக்கும், நேற்றுப் பூட்டிய கிராங்குக்கும், நூறு வருடம் உழைத்த மேசைக்கும் சான்று எழுதுவது அந்தப் பிடிதான்.

விறாந்தை மேசையில் முழங்கை வரை சாறு ஊறி உழைத்த கையை ரோலர் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஹந்தானையில் ‘லிட்டில் ஜயன்ட்’டின் கைப்பிடியைப் பிடிக்க இன்று யாரும் இல்லை. ஆனாலும் எந்த ஸ்டோரிலும், இயந்திரம் வந்து இறங்கிய நாளில், அதை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்புச் சொல்லக் கையைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.